லிஃப்ட்காரர் கடை பார்த்த கதை

மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதையே பிழைப்பாக வைத்திருந்த ஒருவர், ஆறு வருடம் உட்கார்ந்து, ஆட்களை மாட்டிவைக்கிற ஒரு விளையாட்டை எதற்காகச் செய்தார்? அவருடைய மனைவி இந்தக் கேள்வியை முதல் வருடம் கோபமாகக் கேட்டாள். மூன்றாம் வருடம் கேலியாகக் கேட்டாள். ஐந்தாம் வருடம் கேட்பதையே விட்டுவிட்டாள். கேள்விகள் பெரும்பாலும் பதில் கிடைத்து முடிவதில்லை, அலுத்துப்போய்த்தான் முடிகின்றன.

அவர் லிஃப்ட் மெக்கானிக். தெருவில் எல்லோருக்கும் அவர் 'லிஃப்ட்காரர்'தான். மனைவியின் செல்போனிலும் அப்படியே பதிந்திருந்தது. கல்யாணத்துக்கு முன் அவள் வேலை பார்த்த கட்டடத்தில் லிஃப்ட் நின்றபோது பதிந்த எண், பிறகு மாற்றத் தோன்றவில்லை. உட்காரும்போது இடது முழங்கால் சொடக்குப் போடும். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் கூரையைப் பார்ப்பார். விருந்துக்கு அழைத்தவர்கள் தங்கள் வீட்டில் ஒட்டடை இருக்கிறதோ என்று பதறுவார்கள்.

அவருடைய தொழிலில் ஒரு விதி உண்டு. இரண்டு தளங்களுக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டால், உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்திப் பேசலாம். இந்தப் பக்கம் எடுப்பவர் 'நான் இருக்கேன்' என்று ஒரு முறை சொல்லிவிட்டால், கதவு திறக்கும்வரை லைனை விடக்கூடாது. மழை, பிள்ளையின் மார்க், பக்கத்து வீட்டுச் சண்டை, எதையாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். கதவு திறந்ததும் உள்ளே இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போய்விடுவார். இருபத்திரண்டு வருடத்தில் லிஃப்ட்காரருக்கு நன்றி சொன்னவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதிலும் ஒருவர் அவரைக் கூரியர்காரர் என்று நினைத்துச் சொன்னார்.

விளையாட்டும் அதுதான். ஆடுகிறவர் மெக்கானிக்கின் குரல். உள்ளே யாரோ மாட்டியிருக்கிறார்கள். மீட்க ஆட்களோடு வண்டி வந்து சேரும்வரை அவர்களைப் பேசிச் சமாளிக்க வேண்டும். தவறாகப் பேசினால் பயந்துபோய்க் கதவைத் தள்ளுவார்கள், ஆட்டம் போச்சு. சரியாகப் பேசினால் கதவு திறக்கும், ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடுவார்கள், ஆட்டம் வெற்றி. இதற்குப் பெயர் 'கதவைத் தள்ளாதீர்கள்'. கணினி விளையாட்டுகளில் தலைகள் உருண்டுகொண்டிருக்கும் காலத்தில் இதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று மனைவி கேட்டது நியாயமான கேள்விதான்.

லிஃப்ட்காரருக்குப் படம் வரையத் தெரியும், நிரல் எழுதத் தெரியாது. அதை எழுதியவன் மனைவியின் தம்பி. அவன் பகலில் ஒரு துணி துவைக்கும் இயந்திர நிறுவனத்துக்காகப் புகார் கேட்கும் வேலையில் இருந்தான். காதில் ஹெட்ஃபோனை மாட்டி மாட்டி இரண்டு காதுக்குப் பின்னாலும் தோல் தடித்துப்போயிருந்தது. வீட்டுக் கதவை யாராவது தட்டினால்கூட, "ஹலோ, உங்கள் புகார் எங்களுக்கு முக்கியம்" என்று வாயில் வந்துவிடும். அதனால் அவனுக்குப் பெயரே 'ஹலோ'. அந்த வேலையை விட்டுத் தொலைக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவன் ஆசை. ராஜினாமாக் கடிதத்தை மூன்று வருடமாக எழுதி வைத்திருந்தான்; தேதி மட்டும் காலி.

விளையாட்டு முடிந்தது. எந்த இணையக் கடையில் விற்பனைக்கு வைப்பது என்பதில்தான் சிக்கல் தொடங்கியது.

ஆலோசனைக் கூட்டம் பல் டாக்டரின் கிளினிக்கில் நடந்தது. மனைவி அங்கேதான் வரவேற்பில் வேலை பார்த்தாள். மதிய இடைவேளையில் டாக்டர் தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார், இணைய வேகமும் வீட்டைவிட நன்றாக இருக்கும். ஹலோ நோயாளியின் நாற்காலியில் சாய்ந்து படுத்தான். லிஃப்ட்காரர் டாக்டரின் சக்கர ஸ்டூலில் உட்கார்ந்தார். முழங்கால் சொடக்குப் போட்டது.

"மாமா, மொத்தம் மூணு கடை" என்றான் ஹலோ, கூரையைப் பார்த்துக்கொண்டு. "பெருங்கடை. உலகத்துல இருக்கிற கூட்டம் பூரா அங்கதான். பத்துல மூணு பங்கு எடுத்துப்பான், கேட்டா நீ யாருன்னு கேப்பான். ரெண்டாவது, புதுக்கடை. காசு கொட்டிக் கிடக்கு, ஆள்தான் இல்ல. பங்கு கொஞ்சமாத்தான் கேப்பான். மூணாவது, நம்ம முட்டுச்சந்து."

முட்டுச்சந்து என்பது ஒரு சின்னக் கடைக்கு அவன் வைத்த பெயர். அங்கே யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். இரண்டு வருடமாக அவர்களுடைய சோதனைப் பதிப்பு அங்கே இலவசமாகக் கிடந்தது. அறுபத்து மூன்று பேர் ஆடியிருந்தார்கள்.

"பொண்ணு பாக்கப் போற மாதிரி பேசறான் பாருங்க" என்றாள் மனைவி.

"அக்கா, பொண்ணு பாக்கறதுல நமக்குப் புடிக்கலன்னா எழுந்து வந்துடலாம். இங்க அவனுங்கதான் நம்மளப் பாக்கறானுங்க."

"பெரிய கடையில போட்டா யார் கண்ணுல படும்?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

"யார் கண்ணுலயும் படாது. ஒரு நாளைக்கு அம்பது புது விளையாட்டு வருது அங்க."

"அப்ப கூட்டம் இருந்து என்ன பிரயோஜனம்?"

"அதான் மாமா உலகம்" என்று சொல்லிவிட்டு, ஹலோ காலால் மிதியை அழுத்தினான். நாற்காலி அவனை மெதுவாகத் தலைகீழாக்கியது. கூட்டம் அத்துடன் கலைந்தது.

பெருங்கடையில் இப்போதைக்கு ஒரு பக்கத்தையாவது திறந்துவைப்போம், 'விரைவில் வருகிறது' என்று போட்டால் போகிற வருகிறவர்கள் தங்கள் விருப்பப் பட்டியலில் சேர்த்துக்கொள்வார்கள், எந்தக் கடை என்பதைப் பிறகு முடிவு செய்யலாம் என்று ஹலோ சொன்னான். படங்களை அவன் ஏற்றினான். 'விவரம்' என்ற கட்டத்தை மட்டும் மாமாவுக்கு விட்டுவைத்தான். அதுதான் அவன் செய்த தவறு.

லிஃப்ட்காரர் வாழ்நாளில் எழுதியதெல்லாம் ஒரே வகை எழுத்து: ஒப்படைப்புச் சான்று. ஒரு லிஃப்ட்டைச் சரிசெய்து கட்டடக்காரரிடம் ஒப்படைக்கும்போது, அதில் மிச்சம் இருக்கும் ஒவ்வொரு குறையையும் எண் போட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாமல் விட்ட குறையால் யாருக்காவது அடிபட்டால் ஜெயில். எனவே 'விவரம்' என்று கேட்டதும் அவருடைய கை தானாக எண் போட்டது. மனைவி கிளினிக்கில் உட்கார்ந்து அதை அப்படியே தட்டச்சு செய்தாள். நோயாளிகளின் பல் விவரத்தைப் பத்து வருடமாக எழுதுகிறவளுக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

'1. மூன்றாம் தளத்தில் மாட்டும் பெண்மணி சில சமயம் சுவருக்குள் நின்று பேசுவார். பேச்சு தெளிவாகக் கேட்கும்.

9. நாயின் வால் தனியாக ஆடும். நாய் வேறு இடத்தில் இருக்கும்.

23. தொடர்ந்து ஒரு மணி நேரம் ஆடினால் அலுப்புத் தட்டும். சரிசெய்ய வழி தெரியவில்லை.'

இப்படியே நாற்பத்தொன்று. கடைசியில்: '41. முடிவில் யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். இது பழுதல்ல. மேற்கண்டவை தவிர உபயோகத்துக்குத் தகுந்தது.' கீழே பெயர், தேதி.

பெருங்கடைக்காரர்கள் ஒவ்வொரு பக்கத்தையும் பரிசோதித்த பிறகே வெளியிடுவதாகப் பெருமை அடித்துக்கொள்வார்கள். பரிசோதித்தார்கள். ஒரு படத்தின் அகலம் சற்றுக் குறைவு என்று திருப்பி அனுப்பினார்கள். அகலத்தைச் சரிசெய்ததும் நாற்பத்தொரு பழுதோடும் வெளியிட்டார்கள்.

ஹலோ மறுநாள் காலை வேலைக்கு நடுவிலேயே அக்காவைக் கூப்பிட்டான். "யாராவது கடையைத் திறந்துட்டு வாசல்ல நின்னு 'உள்ள வராதீங்க, சரக்கு நல்லால்ல'ன்னு கத்துவாங்களா? உன் புருஷன் கத்தறாரு! நாயோட வாலைப் பத்தி எவன் கேட்டான்?"

"வால் ஆடுதா இல்லயா?"

"ஆடுது!"

"அப்பறம் என்ன?"

பக்கத்தை மாற்றுவதற்குள் அதைப் பலர் பார்த்துவிட்டிருந்தார்கள். சிரித்தவர்கள் தங்கள் நண்பர்களுக்கு அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் எண்ணூறு பேர் விருப்பப் பட்டியலில் சேர்த்தார்கள். அவர்களில் எத்தனை பேர் விளையாட்டுக்காகச் சேர்த்தார்கள், எத்தனை பேர் நாயின் வாலைப் பார்க்கச் சேர்த்தார்கள் என்பதைப் பிரித்துச் சொல்வது கடினம். உண்மையைச் சொன்னதால் கிடைத்த வெற்றி என்று இதைக் கொண்டாடத் தேவையில்லை. அவர் உண்மை சொல்ல நினைக்கவில்லை. வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை, அவ்வளவே.

பத்தாம் நாள் புதுக்கடையிலிருந்து ஒரு பெண் பேசினாள். குரல் தேனில் ஊறியிருந்தது. மூவரும் கிளினிக்கில் போனை நடுவில் வைத்துக் கேட்டார்கள்.

"சார், உங்க லிஸ்ட்டப் படிச்சு எங்க ஆபீஸே சிரிச்சுது. நாங்க மொத்தமா ஒரு தொகை தர்றோம். ஒரு வருஷம் எங்க கடையில மட்டும்தான் இருக்கணும். பெரிய கடைப் பக்கத்தை எடுத்துடுங்க. அப்பறம் ஏதோ சின்னக் கடையில இலவசமா ஒண்ணு கிடக்காமே? அதையும் எடுத்துடுங்க. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்பினாப் போதும்."

தொகையைச் சொன்னாள். ஹலோவின் பங்கு மட்டுமே அவனுடைய இரண்டு வருடச் சம்பளத்துக்கு வந்தது. அவன் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டான். மனைவி அதைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வரும் போல் இருந்தது. கிளினிக்கில் அழுதால் வேறு விதமாக நினைப்பார்கள் என்று அடக்கிக்கொண்டாள்.

கையெழுத்து லிஃப்ட்காரருடையதாகத்தான் இருக்க வேண்டும். கடைக் கணக்குகள் எல்லாம் அவர் பெயரில் இருந்தன. அடையாள அட்டையில் ஹலோவுக்குத் தாடி இருந்தது, நேரில் இல்லை என்பதால் கணினி அவனை ஏற்க மறுத்திருந்தது.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் லிஃப்ட்காரர்.

"இதுல யோசிக்க என்ன மாமா இருக்கு?"

"முட்டுச்சந்துல ஆள் இருக்காங்க, மாப்ள."

ஆள் என்றால் ஒரே ஆள். அறுபத்து மூன்று பேரில் அறுபத்திரண்டு பேர் ஒரு முறை ஆடிவிட்டுப் போய்விட்டார்கள். 'எட்டாவது மாடி' என்ற பெயரில் ஒருவர் மட்டும் வாரம் தவறாமல் வந்தார். ஆட்டத்தை முடிக்கவே மாட்டார். கதவு திறக்கும் நேரம் வந்ததும் முதலிலிருந்து தொடங்குவார். 'இன்றும் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன், கதவைச் சீக்கிரம் திறந்துவிடாதீர்கள்' என்று கீழே எழுதுவார். லிஃப்ட்காரர் ஒவ்வொரு முறையும் பதில் எழுதுவார்: 'நான் இருக்கேன். வண்டி வந்துகொண்டிருக்கிறது.' இரண்டு வருடமாக இது நடந்ததை மனைவி இப்போதுதான் பார்த்தாள். தனக்குச் சமையலறைக் குழாயைச் சரிசெய்து தர வந்துசேராத வண்டி அது என்று தோன்றியது.

யார் அந்த எட்டாவது மாடி? படுக்கையில் கிடக்கும் நோயாளியா, வீட்டை விட்டு வெளியே வரப் பயப்படும் யாரோ ஒருவரா? லிஃப்ட்காரர் தொழில் புத்தியில் யோசித்தார்: லைனில் இருக்கிறவரை நடுவில் விடலாமா? மனைவி அக்கா புத்தியில் யோசித்தாள்: முகம் தெரியாத ஒருவருக்காகத் தம்பியின் காது புண்ணாகலாமா? இரண்டு யோசனைகளும் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து புதன்கிழமை வரை ஒன்றையொன்று பார்க்காமல் சாப்பிட்டன.

புதன்கிழமை மதியம், நோயாளி ஒருவர் நேரத்தை மாற்றச் சொன்னதைத் தெரிவிக்க மனைவி டாக்டரின் அறைக் கதவைத் தட்டித் திறந்தாள். டாக்டர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் லிஃப்ட். சுவருக்குள்ளிருந்து ஒரு பெண்மணி பேசிக்கொண்டிருந்தாள். மேல் மூலையில் 'எட்டாவது மாடி' என்று இருந்தது.

"டாக்டர்! நீங்களா?"

டாக்டர், கையுறை மாட்டி நோயாளியின் முன் நிற்பது போல் இரண்டு கையையும் தூக்கினார். "வீட்டுக்காரர் கிட்ட சொல்லிடாதீங்கம்மா. நீங்கதான் ரெண்டு வருஷம் முன்னாடி முகவரி குடுத்தீங்க, சும்மா பாருங்க டாக்டர்னு."

"அது சரி, எதுக்கு முடிக்காமலே ஆடறீங்க?"

"காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் என் முன்னாடி எல்லாரும் வாயத் திறந்துக்கிட்டுத்தான் இருக்காங்க. ஒருத்தராவது பேசறாங்களா? கேட்டா 'ஆ'ங்கறாங்க. இந்தப் பொம்பள நல்லாப் பேசுதும்மா."

"எட்டாவது மாடி எதுக்கு? நம்ம கிளினிக் தரைத்தளம்."

"எட்டாவது பல்லுதான், அந்த ஞானப்பல்லு, எனக்கு எப்பவும் உயிர வாங்குது. அந்த ஞாபகத்துல வச்சேன்."

மறுநாள் காலை, ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த கணவரிடம் அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். அவள் அறிந்து அவர் அவ்வளவு நேரம் சிரித்தது அது ஒரு முறைதான். கண்ணில் நீர் வந்து, கட்டிய கயிறு அவிழ்ந்து, மறுபடி கட்ட வேண்டியிருந்தது.

"அப்ப யாரும் மாட்டிக்கல" என்றார்.

"யாரும் மாட்டிக்கல. உங்களுக்குத்தான் எல்லாரும் மாட்டிக்கிட்ட மாதிரியே இருக்கு. அவரு எந்தக் கடையில இருந்தாலும் காசு குடுத்து வாங்குவாரு, பல்லு புடுங்கற காசு வருது."

"வாங்குவாரு, வாங்குவாரு."

"அப்ப கையெழுத்து?"

"போட்டுடறேன்."

இந்த ஒரு வார்த்தையை அவள் தம்பிக்கு உடனே போன் செய்து சொன்னாள். அப்படிச் செய்திருக்க வேண்டாம் என்று பிறகு பல முறை நினைத்துக்கொண்டாள். ஹலோ அன்று மதியமே கடிதத்தில் தேதி போட்டு மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டான். அதோடு நின்றிருக்கலாம். அன்றைய கடைசி வாடிக்கையாளரிடம், "உங்க மெஷினத் தூக்கிப் போடுங்க சார், அதுக்கு நாலு தடவை பழுது பாத்தாச்சு, இனி தேறாது" என்று உண்மையைச் சொல்லிவிட்டு லைனை வைத்தான். திரும்பிப் போகிற வழியை அவனே அடைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை மதியம். ஹலோ நாற்காலியில் சாயாமல் நேராக உட்கார்ந்திருந்தான். புதுச் சட்டை. மடியில் அச்சிட்ட ஒப்பந்தம். டாக்டர்கூட அன்று கதவைச் சாத்திக்கொள்ளாமல் வாசலில் நின்றார். லிஃப்ட்காரர் நேராக ஏதோ ஒரு லிஃப்ட் குழியிலிருந்து ஏறி வந்திருந்தார். கையில் கிரீஸ், முழங்கையில் சிராய்ப்பு.

"வாங்க மாமா, ராஜா மாதிரி வாங்க. நேத்தே வேலைய விட்டுட்டேன்."

லிஃப்ட்காரர் அவனைப் பார்த்தார். "விட்டுட்டியா?"

"அக்கா சொல்லிச்சு, நீங்க போட்டுடறேன்னு சொன்னதா."

"சொன்னேன்."

ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒப்பந்தத்தை ஒரு பக்கம் விடாமல் படித்தார். அவர் எதையும் அப்படித்தான் படிப்பார். மனைவி பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள். வாங்கிக்கொண்டார். கையெழுத்துக்கான கோட்டின் மேல் பேனாவைக் கொண்டுபோனார். ஒரு துளி கிரீஸ் தாளில் விழுந்தது. பேனாவை மூடினார். டாக்டரின் கணினிப் பக்கம் ஸ்டூலை உருட்டிக்கொண்டு போய், எந்தெந்தக் கடைக்கு அனுப்புவது என்று குறிக்க ஹலோ தயார் செய்திருந்த வெளியீட்டுப் படிவத்தை மனைவியைத் திறக்கச் சொன்னார். சுண்டு விரல் ஒன்றுதான் சுத்தமாக இருந்தது. அதைக் கொண்டு பெருங்கடைக்கு ஒரு தட்டு, முட்டுச்சந்துக்கு ஒரு தட்டு. புதுக்கடைக் கட்டம் காலியாகவே இருந்தது.

"மாமா, என்ன பண்றீங்க?"

"கை கழுவிட்டு வரேன்."

"மாமா!"

வாய் கொப்பளிக்கும் கிண்ணத்தில் தண்ணீர் சுற்றிக்கொண்டு ஓடியது. அவர் நன்றாகக் கை கழுவினார், ஒவ்வொரு விரலாக. போன் அடித்தது. எங்கோ ஐந்தாம் தளத்துக்கும் ஆறாம் தளத்துக்கும் நடுவில் யாரோ நின்றுவிட்டார்கள். "நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

ஹலோ அன்று அக்காவை வைத வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அவள் எதிர்த்துப் பேசவில்லை. அவர் சொல்லி, தான் நம்பி, தம்பியிடம் சொன்னதுதானே? அவன் ஐந்து மாதம் அவர்கள் வீட்டு முன்னறையில் கிடந்தான், மாமாவோடு ஒரு வார்த்தை பேசாமல். மாமா, விளையாட்டிலிருந்து வந்ததை எல்லாம் அவன் பெயருக்கே எழுதிவைத்தார். அது பெரிதாக ஒன்றும் இல்லை. எண்ணூறு பேரில் முந்நூறு பேர் வாங்கினார்கள். நல்ல விளையாட்டுதானா என்று கேட்டால், இருபத்து மூன்றாவது பழுது உண்மை.

ஐந்தாம் மாதம், லிஃப்ட் நிறுவனத்தில் அவசர லைனில் பேச ஓர் ஆள் வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. லிஃப்ட்காரர் விண்ணப்பத்தை முன்னறை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். ஹலோ இரண்டு நாள் அதன் மேல் டம்ளரை வைத்தான். மூன்றாம் நாள் நிரப்பினான். மறுபடியும் ஹெட்ஃபோன், மறுபடியும் காது. முதல் நாளே ஒருவர் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டார். ஹலோ வீட்டுக்கு வந்து, மாமாவிடம் ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் வாக்கியமாக, "கதவு திறந்ததும் போயிட்டான் மாமா, ஒரு வார்த்தை சொல்லல" என்றான். லிஃப்ட்காரர் தலையை ஆட்டிவிட்டுத் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

ஏன் கையெழுத்துப் போடவில்லை? மாமாவுக்குப் பயம் என்பது ஹலோவின் கட்சி. குழிக்குள் இறங்கி இறங்கிக் கடைசியில் மேலே ஏறத் தெரியாமல் போய்விட்டதாம். நாற்பத்தொரு பழுதைப் புதுக்கடைக்காரர்கள் அழித்துவிடுவார்கள் என்று சந்தேகப்பட்டிருப்பார் என்பது டாக்டரின் கட்சி. அவர் இன்னும் எட்டாவது மாடியாகத்தான் வருகிறார், எல்லாம் தெரிந்த பிறகும். லிஃப்ட்காரரும் அதே பதிலைத்தான் எழுதுகிறார். மனைவியிடம் ஒரு கட்சியும் இல்லை. காரணங்கள் எல்லாம் காரியம் முடிந்த பிறகு வந்து வரிசையில் நிற்பவை. அவற்றில் எது அன்று அந்தப் பேனாவை மூடியது என்று சொல்ல, உள்ளே இருந்த ஒருவரால்தான் முடியும்.

அந்த ஒருவரை அவள் ஒரே ஒரு முறை கேட்டாள். ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகையில், லிஃப்ட்டுக்குள் இருவர் மட்டும் இருந்தபோது.

"ஏங்க, போட்டுடறேன்னு சொல்லிட்டு அன்னிக்கு ஏன் போடல?"

அவர் கூரையைப் பார்த்தார். மேலே எங்கோ கயிறு லேசாக உரசும் சத்தம். காதைச் சாய்த்துக் கேட்டார், நான்காம் தளம், ஐந்தாம் தளம், ஆறாம் தளம் வரை. கதவு திறந்தது. அவள் வெளியே வந்தாள். அவர் உள்ளேயே நின்றார்.

"நீ போ. இத ஒரு தடவை மேல போய்க் கேட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினார்.